சிறகுக்கும் ஒரு விரல்

சென்னியப்பன் தன் டிராகனை விற்கச் சந்தைக்குக் கூட்டி வந்திருந்தார். செங்கல் சூளைக்காரர் அதன் வாயைத் திறந்து பல் பார்த்தார். மீசை பொசுங்கியும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாங்க வந்தவன் வியந்தால் விலை ஏறிவிடும். பிறகு இருவரும் துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசினார்கள்.

"சூளைக்குள்ள நெருப்பு ஊதுனாப் போதும். றெக்கை எதுக்குங்க? நாளைக்கே வெட்டிப்போடுவேன்" என்றார் சூளைக்காரர்.

துண்டுக்குள் சென்னியப்பன் இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினார்.

"வெட்டிப் போடறதுக்கும் வெலையா? பலே ஆளுங்க நீங்க" என்று சிரித்துக்கொண்டே சூளைக்காரர் ஒப்புக்கொண்டார்.

விற்ற உருப்படியோடு பழைய கயிற்றைக் கொடுக்கும் வழக்கமில்லை. சென்னியப்பன் அதை அவிழ்த்தார். கழுத்து லேசானதும் டிராகன் முன்னங்காலை மடக்கிப் படுத்து, அவர் தன் முதுகில் ஏறுவதற்காக ஒரு சிறகைத் தரையோடு விரித்தது. சந்தையே திரும்பிப் பார்த்தது.

"உங்களுக்கு மட்டுந்தான் இப்படிப் படுக்குமுங்களா?" என்றார் சூளைக்காரர், புதுக் கயிற்றைப் பிரித்தபடி.

"யாருக்கும் படுக்குமுங்க" என்றார் சென்னியப்பன்.

அவருக்கு எட்டவில்லை என்று நினைத்து, டிராகன் சிறகை இன்னும் கொஞ்சம் தாழ்த்தியது.