வெள்ளை அட்டை

சன்னலோர மேசையில் தோட்டை வைத்துப் படமெடுக்கும்போது, எதிரே வெள்ளை அட்டையைப் பிடித்தால்தான் கல்லில் வெளிச்சம் ஏறும். அட்டை பிடிப்பது கணவரின் வேலை. படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தவறாமல் விழுந்துவிடும்.

"படம் தோட்டுக்கா, உங்க விரலுக்கா?" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

அவர் காலமான பிறகு, தான் செய்த தோட்டை இன்றுதான் தனியே படமெடுத்தாள். படம் தெளிவாக வராவிட்டால், தோடு வாங்கும் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். புத்தகத்தின் மேல் சாய்த்த அட்டையோ சரிந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக நின்றது.

படத்தை நாத்தனாருக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"அண்ணி, கல்லு என்னமா ஜொலிக்குது! அட்டை பிடிச்சது யாரு? அந்த விரலை மட்டும் வெட்டிடுங்க."

அவள் வெட்டவில்லை. ஜோடியின் மற்றொரு தோட்டை எடுத்து வைத்தாள்.

"நல்லவேளை, வந்தீங்க," என்றாள் அட்டையின் பக்கம் திரும்பி. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

அட்டை சாய்ந்தது.