ஆணியடித்த மேடை

முட்டம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிறது. உலரட்டும் என்று சூசை கட்டவிழ்த்துப் போட்ட கட்டுமரத் தடிகளை, காலையில் ஊரே தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், வெறும் மரமென்று எடுத்துப் பலகை வைத்து ஆணியடித்து மேடையாக்கிவிட்டார்கள் கட்சிக்காரர்கள். கயிறு மட்டுமே அறிந்த தடிகள். இனி ஓட்டைகளில் தண்ணீர் இறங்கி உளுத்துப்போகும். "மீனவர் தொழிலைக் காப்பதே எங்கள் மூச்சு!" என்று மைக்கில் முழங்குகிறார் வேட்பாளர். லாரியில் வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். "அண்ணாச்சி, ஆணியப் பிடுங்கச் சொல்லுங்க. விடிஞ்சா நான் எதுல கடலுக்குப் போவேன்?" என்கிறான் சூசை, மேடையோரம் நின்ற கட்சித் தொண்டரிடம். தொண்டர் அவன் சட்டையில் கட்சிக்கொடியைக் குத்துகிறார். "சும்மா நில்லும் ஓய், ஒமக்காகத்தான பேசுகாரு." வேட்பாளர் ஆவேசத்தில் செருப்புக் காலை ஓங்கி மிதிக்கிறார். பலகையில் பாதி துருத்தி நின்ற ஆணியொன்று தடிக்குள் முழுதாக இறங்குகிறது.