மூளை டாக்டரின் காகிதம்

“இந்த வாரமும் கஞ்சா உண்டுல்ல, ஆத்தா?”

“உண்டு தம்பி. அது இல்லாம இருக்க முடியுமா?” நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் மாயக்காள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“போன வாரம் எத்தனை சொன்னேன்?”

“மூணு.”

“அப்ப மூணுதான்.”

டாக்டர் சம்சுதீன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். கஞ்சா மனித மூளையை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெங்களூரில் படித்துவிட்டு 1978இல் சொந்த ஊரான போடிக்கே திரும்பி, ஒரு மாடி அறையில், மூளையின் ஓட்டத்தைக் காகிதத்தில் கோடு கோடாக இழுக்கும் மிஷினை வைத்திருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘ஊசி போடாத டாக்டர்’. மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால், ஏலக்காய் மண்டி வைத்திருந்த அவருடைய அத்தாவே பேச்சை மாற்றிவிடுவார்.

மலையில் கஞ்சா இழுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போலீசுக்குப் பயந்து யாரும் படியேறவில்லை. துணிந்து ஏறிய மூன்று பேரும், தலையில் ஒட்டும் வயர்களைப் பார்த்ததும் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று இறங்கி ஓடிவிட்டார்கள். மிஞ்சியது மாயக்காள் ஒருத்திதான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். இருபது வருடப் பழக்கம் என்று முதல் நாளே அடித்துச் சொல்லியிருந்தாள். ஞாயிறு தவறாமல் தோட்டத்து ஜீப்பில் வந்து இறங்கிவிடுவாள்.

உதவியாள் சோலைமலை பசையைத் தடவி அவள் தலையில் வயர்களை ஒட்டினார். “எண்ணெய் வைக்காமத்தானே வந்தீங்க?”

“நேத்தே சீயக்காய் போட்டு முழுகிட்டேன்யா.”

சோலைமலை படிக்கட்டுக் காவலுக்குக் கீழே போனார். டாக்டர் மிஷினைப் போட்டார்.

“கண்ணை மூடிக்கங்க ஆத்தா. யாரையும் நினைக்காதீங்க.”

“நினைக்க யாரு இருக்கா? வீட்டுக்காரரு மேல மரம் விழுந்து போயிட்டாரு. மகன் கட்டப்பனைப் பக்கம் போனவன், சேதியே இல்ல. தோட்டத்து லயத்து வரிசையில அக்கம்பக்கத்து வீடெல்லாம் காலி. மழை பிடிச்சா நாலு நாளு பேச்சுக்கு ஆளு கிடையாது. வாய் ஊமையாப் போச்சோன்னு அடுப்புகிட்ட நாலு வார்த்தை பேசிப் பாப்பேன்.”

டாக்டர் பேனாக்களைச் சரிபார்த்தார். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவதும் இந்த ஒரு மணி நேரம்தான். அவருக்கு அடுப்புகூட இல்லை, ஓட்டல் சாப்பாடு.

பேனாக்கள் ஓடின. காகிதம் மடிந்து மடிந்து விழுந்தது. முடிந்ததும் மாயக்காள் வழக்கம்போலக் கேட்டாள்.

“எப்படித் தம்பி இருக்கு?”

“அருமையா இருக்கு. மோசமா ஒண்ணுமே இல்ல.”

“இனிமேலயும் நல்லா இருக்குமா?”

“இப்படியே போனா கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.”

அவள் முகம் மலர்ந்தது. டாக்டருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது வருடக் கஞ்சா, மூளையில் ஒரு கீறல்கூட இல்லை! டெல்லி மாநாட்டுக்கான கட்டுரை உறையில் தயாராக இருந்தது. இன்றைய கணக்கையும் சேர்த்து ஒட்ட வேண்டியதுதான். அங்கே ஏற்றுக்கொண்டால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் மிஷினை இரவல் கொடுத்த பெங்களூர்க்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“இன்னையோட முடிஞ்சது ஆத்தா. எட்டு வாரம் போதும்” என்றார் உறையை ஒட்டியபடி.

மலர்ந்த முகம் சட்டென்று வாடியது. “இனிமே வர வேணாமா?”

“வேணாம்.”

மடிந்து கிடந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப அந்தக் காகிதத்துல ஒரு துண்டு குடுங்க தம்பி. வீட்டுல வச்சுக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார் டாக்டர். அவள் அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இனிமே அந்தக் கஞ்சாவை மட்டும் விட்டுருங்க ஆத்தா.”

மாயக்காள் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “போற நேரத்துல எதுக்குத் தம்பி பொய்? என் ஆயுசுல அதைத் தொட்டதில்ல. அந்தப் புகை பட்டாலே எனக்குக் குமட்டும்.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வாரம்! “பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“கஞ்சா குடிக்கிறவங்க மட்டும் மேல போங்க, மத்தவங்களுக்கு இங்க சோலி இல்லன்னு சோலைமலை மறிச்சாரே! எனக்கு வேற வழி? செடிக்கு அடிக்கிற மருந்தை வாங்கி வீட்டுல வச்சிருந்தேன் தம்பி. குடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை தெரிஞ்சுக்கிடுவோமேன்னுதான் வந்தேன். நீங்க வாரா வாரம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்க. போன வாரம் அந்த மருந்தைக் குழி வெட்டிக் கொட்டிட்டேன்.”

“என்னத்தைத் தெரிஞ்சுக்க வந்தீங்க?”

“என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? தலையெழுத்தைத்தான்! அதை எழுதிக் காட்டத்தானே இந்த மிஷினு?”

சம்சுதீன் டெல்லி உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மறக்காம அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க ஆத்தா” என்றார். “நான் இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன்.”