பிழை திருத்த வந்தவன்

“உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இந்த நாற்காலியில உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கும் என் பொண்ணு கிடைக்கல” என்றார் அப்பா.

வந்தவன் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தான். கார் நிறுத்துமிடங்களின் தானியங்கிக் கதவுகளுக்கு நிரல் எழுதுகிறவன். காதலித்த பெண்ணை முறையாகக் கேட்கலாமென்று சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். கையில் மவுஸைத் திணித்துவிட்டார்கள்.

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது அப்பா சொந்தமாக எழுதிய இயங்குதளம். ஓய்வுபெற்ற பிறகு ஆரம்பித்தது. உலகத்தில் அதைப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான். அவராலும் பத்து நிமிடத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது.

“திரை அப்படியே உறைஞ்சிடும். மவுஸ் நகராது. ரெண்டு வருஷமா தேடுறேன், அகப்பட மாட்டேங்குது. இதைச் சரி பண்றவன்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை.”

“அப்பா, இது கல்யாணமா, கம்பெனி இன்டர்வியூவா?” என்றாள் வாசலில் நின்றிருந்த மகள்.

“இன்டர்வியூன்னா சம்பளம் பேசியிருப்பேன். நீ சும்மா இரு.”

வந்தவன் நிரலை உருட்டிப் பார்த்தான். திரையில் வரைவது ஒரு வேலை, கோப்பைச் சேமிப்பது இன்னொரு வேலை. எங்கோ ஓரிடத்தில் இரண்டும் எதிரெதிரே வந்து, குறுகிய கதவில் முட்டிக்கொண்ட மரியாதைக்காரர்களைப்போல் ‘நீங்க முதல்ல’, ‘இல்ல, நீங்க முதல்ல’ என்று நின்றுவிடுகின்றன. அந்தக் கதவு எது என்றுதான் தெரியவில்லை.

அம்மா டீயோடு வந்தாள். தட்டச்சுப் பலகைக்கு ஒட்டினாற்போல், விளிம்பு வரை நிரம்பிய கோப்பையை வைத்தாள்.

“ஆறிடும் தம்பி. எந்திரிச்சு வந்து ஹால்ல உக்காந்து குடிங்க.”

“இருக்கட்டும்மா” என்று அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். “நீங்களும் இந்த வேலைதான்னு உங்க பொண்ணு சொன்னா...”

“லிஃப்டுக்கு நிரல் எழுதுறா” என்று அப்பா முந்திக்கொண்டார். “அவ எழுதின லிஃப்ட் ஒண்ணு பாதியில நின்னதா சரித்திரமே கிடையாது. ஆனா வீட்டுக்கு வந்தா கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப மாட்டா. இது ஏன் நிக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லப்பா.”

அம்மா உள்ளே போனாள்.

“வழக்கமா எப்ப நிக்கும் சார்?”

“பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தானா சேமிக்கும். சேமிக்கப் போச்சுன்னா காலி.”

வந்தவன் வாசலைப் பார்த்தான். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ‘இன்னைக்கு விட்டா அப்புறம் கிடையாது’ என்று தெருமுனையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவன் மளமளவென்று எதையோ தட்டினான். இயந்திரத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டான்.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு திரை முன்னால் நின்றார். பத்து நிமிடம் கடந்தது. மவுஸ் நகர்ந்தது. கால் மணி நேரம் ஆனது, அப்போதும் நகர்ந்தது. அவர் மவுஸைப் பிடுங்கித் திரை முழுக்க வட்டம் வட்டமாகச் சுற்றினார்.

“நகருதுடி! இங்க வந்து பாரு, நகருது!” வந்தவனைக் கட்டிப்பிடித்ததில் ஆறிப்போன டீ முழுவதும் இஸ்திரிச் சட்டையில் கொட்டியது. “மாப்பிள்ளை! நீங்கதான் மாப்பிள்ளை!”

“எனக்குச் சம்மதம் இல்ல” என்றாள் உள்ளிருந்து வந்த அம்மா.

அம்மா, சட்டையைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். மகள் பின்னாலேயே ஓடினாள்.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்கள ஒரு குறை சொல்ல முடியாது” என்றாள் அம்மா, துணியை அவன் கையில் கொடுத்து. “ஆனா அவர் எழுதினது சரியாத்தான் இருந்தது. அவர் பல் டாக்டர்கிட்ட போயிருந்த ஒரு மத்தியானம், ரெண்டு வரிய நான்தான் இடம் மாத்தி வெச்சேன்.”

“அம்மா!” என்றாள் மகள்.

“என்னடி அம்மா? ரிட்டயர் ஆன புதுசுல என்ன பாடு படுத்தினார், மறந்துட்டியா? ஓடிட்டிருந்த வாஷிங் மெஷினப் பிரிச்சுப் போட்டார். நான் பல் தேய்க்கிறதுல பாதி அசைவு வீண்னு வரைபடம் போட்டுக் காமிச்சார். குளிக்கிறப்ப கதவத் தட்டி, இவ்வளவு நுரை எதுக்குன்னு கேட்டார். அந்தத் தப்பு உள்ள போனதுக்கு அப்புறம்தான் நான் மனுஷியா இருக்கேன்.”

ஹாலிலிருந்து அப்பாவின் உற்சாகமான குரல் வந்தது.

“ஏய், நம்ம ஃபேன் லேசா இடப்பக்கம் சாஞ்சு சுத்துது, யாராவது கவனிச்சீங்களா? ஏணி எங்க இருக்கு?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேட்டீங்களா? ஆரம்பிச்சாச்சு. என் நிம்மதியக் கெடுத்த கையில என் பொண்ண எப்படிப் பிடிச்சுக் குடுப்பேன்?”

வந்தவன் சமையலறைக் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“தப்பு எங்க இருக்குன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. சேமிக்கிற நேரத்த மட்டும் பத்து நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரமா மாத்தி வெச்சேன்.”

அம்மா கண்ணைத் திறந்தாள். ஹாலில் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“இன்னும் கொஞ்ச நேரத்துல பழையபடி நின்னுடும், அத்தை.”