மாயவன் மார்ச்

வீராயி விடியலில் எழுந்தாள். பழைய சோற்றைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பீங்கான் பொம்மை ஆலைக்குப் போனாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் பிசிறை வழித்தாள்.

யாரிடம் பேசினாலும் முதலில் தோளைத் தொடுவாள். பிறகுதான் பேச்சு. "தொடாம உனக்குப் பேச வராதா?" என்று மேஸ்திரி தினமும் எரிந்து விழுவார். "பழகிப்போச்சுங்க" என்பாள்.

அன்று அவர் எரிந்து விழவில்லை. "வாங்கம்மா" என்றார். மாலையில் அவள் கணவன் மாயவனுக்குச் சிலை திறப்பு. மந்திரி வருகிறார்.

மாயவன் நல்லூர்ப் பக்கத்து ஆள். வெள்ளைக்காரன் காலத்தில், கல்யாணமான புதிதில், மனைவியோடு விருத்தாசலம் சந்தைக்கு வந்தான். ஏதோ கலவரம். கலைந்து போகச் சொல்லி போலீஸ் மூன்று முறை அதட்டியது. ஊரே ஓடியது. மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த மாயவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை நோக்கி ஓடியவள் வீராயி ஒருத்திதான். அவள் போய்ச் சேருமுன் குண்டு பாய்ந்துவிட்டது.

அதுவரை அவனைப் பார்த்தேயிராத ஊர், மறுநாளிலிருந்து அவனைப் பாடியது. வீராயியிடம் யாரும் எதுவும் விசாரித்ததில்லை. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது ஆலை முதலாளி தங்கதுரைக்குத் தேர்தலில் நிற்க ஆசை. ஆளுயரப் பீங்கான் சிலை செய்தார். மாயவனுக்கு இல்லாத மீசையை வைத்தார். பேண்டு மாஸ்டர் விருத்தகிரியைக் கூப்பிட்டு ஒரு மார்ச் இசையும் எழுத வைத்தார்.

விருத்தகிரி அதை ஆலைக்கே வந்து வீராயிக்கு விளக்கினார். "டிரம்பெட்டு மூணு தடவ அதட்டும்மா. அதான் போலீசு. மூணு தடவையும் மொத்த பேண்டும் கப்சிப். அது உங்க வூட்டுக்காரரு, அசையாம நிக்கறாரு. அப்புறம் கிளாரினெட்டு தலைதெறிக்க ஓடும். அது நீங்க. அவரோட சேந்து சாவ ஓடறீங்க."

"டிரம்பெட்ட அவ்ளோ சத்தமாவா ஊதணும்?"

"கம்மாபுரம் வரைக்கும் கேக்க வாணாமா?"

தங்கதுரை குறுக்கிட்டார். "மைக்குல ஒரே வரி. 'என் புருஷன் சாவத் துணிஞ்சு நின்னாரு.' சொல்லிட்டீன்னா தினக்கூலி இல்ல, நாளைக்கே உனக்கு வேலை நிரந்தரம். வேற எதாவது ஒளறுன, ஆலைப் பக்கமே வராத."

"சரிங்க மொதலாளி." தொடப்போன கையை, அவர் சட்டையின் வெள்ளையைப் பார்த்து இழுத்துக்கொண்டாள்.

மாலையில் மார்ச் முழங்கியது. டிரம்பெட் மூன்றாம் முறை அதட்டியபோது வீராயி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கிளாரினெட் ஓடத் தொடங்கியது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று தங்கதுரை மந்திரியிடம் பூரித்தார். மைக்கை அவள் முன்னால் நகர்த்தினார்.

'என் கணவர் சாகத் துணிந்து நின்றார்: வீராயி முழக்கம்' என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. தங்கதுரை விழாவுக்கு முன்பே எழுதிக் கொடுத்த செய்தி அது. அந்தப் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டே, ஆலைக் காவலாளி வீராயியை வாசலோடு திருப்பி அனுப்பினான்.

அவள் முழங்கவில்லை. மந்திரியின் தோளைத் தொட்டு, அவருக்கு மட்டும்தான் சொன்னாள். மைக்தான் ஊருக்கே சொல்லிவிட்டது.

"அவருக்குக் காது கேக்காதுங்க. தொட்டுச் சொல்லத்தான் ஓடுனேன்."