ஓரத்தில் ஆறு பேர்

“இந்த லிஸ்ட்ல இருக்கற ஆறு பேரும் ரெண்டு ஓரத்துலதான் நிக்கணும். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. பொது மேலாளர் சொல்லிட்டார். ஏன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

மனிதவள அதிகாரி அம்மையார் சொன்னது ஆறா, ஏழா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. நடந்து நாளாகிவிட்டது. ஆறென்றே வைத்துக்கொள்வோம், ஓரங்கள் இரண்டு என்பதால் அதுதான் சரியாக வகுபடுகிறது.

புகைப்படக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. பதினாறு வருடமாகப் பல நிறுவனங்களின் விழாக்களைப் படமெடுக்கிறவருக்குத் தெரியாதா? பத்தாம் ஆண்டு விழாவின் குழுப் படம் வரவேற்பறைச் சுவரில் பெரிதாகத் தொங்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வரும்: ‘இரு பக்கமும் சற்று வெட்டி அனுப்பவும்.’ வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் சுவரில் நின்று சிரிக்கலாமா? வரிசைக்கு இடையில் நிற்பவரை நீக்கினால் பொக்கை வாய்போல் தெரியும். ஓரமென்றால் சுவடே இருக்காது. அப்படி எத்தனையோ பேரை அவர் இரண்டே சொடுக்கில் வழியனுப்பியிருக்கிறார். முகம் தெரியாத வரைக்கும் அது வெறும் வேலை.

இந்தத் தாளில் நான்காவது பெயர் அவருடைய தங்கை கணவரின் பெயர்.

“மச்சான்! இந்தத் தடவையாவது என்னை ஒழுங்கா எடுங்க. போன தடவை உங்க தங்கச்சி என் தொப்பையைப் பாத்துட்டு மூணு நாள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டா.”

மாப்பிள்ளை டையை இழுத்துவிட்டபடி எதிரில் நின்றார். பாவம், ஒன்றும் தெரியாது.

“தொப்பைக்கு கேமரா என்ன மாப்ள பண்ணும்? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

மாப்பிள்ளை சிரித்தார். இந்த வேலை கிடைப்பதற்குமுன் பதினாலு மாதம் வீட்டில் இருந்தவர் அவர். அப்போதெல்லாம் தங்கை ஃபோன் செய்வாள். “சும்மாதான்ணே” என்பாள். அப்புறம் அண்ணனும் தங்கையும் வெகுநேரம் பேசாமலே ஃபோனைக் காதில் வைத்திருப்பார்கள். அந்த மௌனத்தை இன்னொரு முறை கேட்க அவருக்குத் தெம்பில்லை.

மேடையில் மூன்று வரிசை நாற்காலிகள் போட்டாகிவிட்டது. அவர் மாடியைப் பார்த்தார். முன்கூடத்தை எட்டிப் பார்க்கும்படி அங்கே ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது.

“மேடம், வரிசையே வேணாம். எல்லாரும் முன்கூடத்துல வட்டமா நிக்கட்டும். நான் மேலேருந்து எடுக்கறேன்.”

“வட்டமாவா? அப்ப ஓரம்?”

“வட்டத்துக்கு ஏது மேடம் ஓரம்?”

“விளையாடறீங்களா? அந்த மனுஷன் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்!”

அந்த மனுஷன், கிளையின் பொது மேலாளர், அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

“என்ன தகராறு இங்க?”

“ஒண்ணுமில்ல சார்,” என்று புகைப்படக்காரர் முந்திக்கொண்டார். “நாப்பது பேரும் வட்டமா நின்னு கை கோத்துக்கறாங்க. நடுவுல நீங்க ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு...”

“நடுவுல நான் மட்டுமா?”

“நீங்க மட்டும்தான் சார்.”

பொது மேலாளருக்கு லிஸ்ட் மறந்தேபோயிற்று. கோட்டுப் பொத்தானைப் போட்டபடி முன்கூடத்துக்கு முதல் ஆளாக நடந்தார். “இன்னிக்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடணும். அவங்களும் பாக்கட்டும்!”

நாற்பது பேர் கை கோத்து அண்ணாந்தார்கள். மாப்பிள்ளை நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரை வெட்டினாலும் சங்கிலி அறுந்துபோகும் என்று உறுதியான பிறகுதான் புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தினார்.

சரியாக இரண்டு மாதம் கழித்து மனிதவள அதிகாரி ஃபோனில் வந்தாள்.

“அந்த வட்டப் படத்துலேருந்து ஆளை எடுக்க முடியுமா?”

“ஆறு பேரையுமா மேடம்?”

“ஒருத்தரைத்தான்.”

மாப்பிள்ளையின் அண்ணாந்த முகம் கண்முன் வந்தது. கணினியில் அந்தப் படத்தைத் திறந்தார். அவளே சொன்னாள்.

“நடுவுல நிக்கறவரை எடுத்துடுங்க.”

“யாரு... பொது மேலாளரையா?”

“ஆமா. தலைமை அலுவலகத்துல உங்க படத்தைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. சுத்தி நிக்கற நாப்பது பேரு வேலையும் தெரியும், நடுவுல நிக்கறவர் என்ன வேலை பாக்கறார், ஒரு பக்கத்துல எழுதி அனுப்புங்கன்னு.”

“எழுதலையா?”

“அவர் என்னிக்குத் தானா எழுதியிருக்கார்? வழக்கம்போல அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு எழுதித் தரச் சொன்னார். அவங்களும் உள்ளதை உள்ளபடியே எழுதிக் குடுத்தாங்க. வழக்கம்போல இவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார்.”

ஆறு பேரும் அதே வேலையில் இருக்கிறார்கள். மனிதவள அதிகாரி கிளையைக் கவனித்துக்கொள்கிறாள். பழைய பொது மேலாளர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், விண்ணப்பங்களை எழுதித் தரத்தான் ஆளில்லை.