நாலு பெட்டிக் கணக்கு

ரேடியோ பெட்டிகள் கேட்டு மறுபடி பரப்பும் செய்தி எவ்வளவு நம்பகமாகப் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவதுதான் பொறியாளரின் பிழைப்பு. கோபித்துக்கொண்டு போன மாமியார் ஆறு மாதம் கழித்து மனமிரங்கி வரும் நாளிலும் அவர் அந்தக் கணக்கையே நம்பினார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "அத்தை வர்ற ரயில் அஞ்சு மணிக்கு. யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க."

"யாராவதுன்னா யாருங்க?" என்று மனைவி அதிலேயே கேட்டாள். "யாரும் போகலேன்னா அம்மா அடுத்த ரயில்லயே திரும்பிடுவாங்க."

அவரும் குழுவிலேயே உற்சாகமாக விளக்கினார்: "ஒரு பெட்டி பத்துல மூணு தடவை செய்தியைக் கோட்டை விடும். நாலு பெட்டி வெச்சா, நாலும் சேர்ந்து கோட்டை விட நூத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல. இங்கேயும் நாலு பேர்!"

ஐந்தரை மணிக்கு மனைவி, மகள், மச்சினன் மூவரும் வீட்டில் இருந்தார்கள்.

"நீ போகலியாடா?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"எப்படியும் யாராவது போயிருப்பீங்கன்னு இருந்துட்டேன்க்கா."

"நானும்தாம்மா," என்றாள் மகள்.

"நானும்தான். அப்போ நாலாவது ஆளு?"

மூவரும் பொறியாளரைப் பார்த்தார்கள். மூன்று மணிக்கே வீடு திரும்பி மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"பெட்டிங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதான் ஒண்ணை நம்பி இன்னொண்ணு சும்மா இருக்கிறதில்ல."

அழைப்புமணி அடித்தது. வாசலில் பெட்டியோடு மாமியார்.

"அத்தை! எப்படி வந்தீங்க?"

"ஆறு மாசமா பேசலேன்னாலும் குழுவுல நானும் இருக்கேனே மாப்பிள்ளை! உங்க கணக்கைப் படிச்ச உடனே வாடகைக் காருக்குச் சொல்லிட்டேன்."